மஃபின் வேகும்வரை

1

இந்தக் கதை ஒரு தட்டில் வந்து சேர்ந்தது. தட்டின் மேல் ஒரு கைத்துணி, துணிக்கு அடியில் மூன்று மஃபின். கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு லேப் அக்கா. பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பிள்ளைகள் வைத்த பெயர் எங்கள் மாடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய சமையலறைக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

"சாப்பிட்டுப் பாரு தம்பி. வாசனை எப்படி இருக்கு?"

கடித்தேன். ஆப்பிள் துண்டுகள் பதமாக வெந்திருந்தன. உலர் திராட்சை உப்பி, பல்லில் பட்டதும் வெடித்தது. வால்நட்தான் கெட்டுப்போயிருந்தது. பழைய எண்ணெயின் சிக்கு வாடை மூக்கு வரை ஏறியது.

"பிரமாதம்க்கா."

"பொய் சொல்லாதே. மூக்கைச் சுளிச்சே."

அப்போதுதான் கவனித்தேன், நான் மெல்ல ஆரம்பித்ததிலிருந்தே அவர் என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்தார். போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். "பினாயிலும் ஒண்ணுதான், ரோஜாவும் ஒண்ணுதான் எனக்கு" என்றார். மகளுக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லவும் இவருக்குப் பயம். ஏனென்றால் கொஞ்ச நாளைக்கு முன்னால் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரமே சிவந்துபோய், மேல் வீட்டு டிரைவர் ஓடிவந்து கதவை இடிக்கும்வரை இவர் கூடத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மகள் வந்து சொல்லிவிட்டுப் போனது இது: "இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சு, வீட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துட்டுப் போயிடுவேன். நீ என்கூடத்தான் இருக்கணும்."

"அவ வீட்ல எனக்கு ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கா தம்பி. ஜன்னலோரமா. அதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றார் லேப் அக்கா. பிறகு, "நீ எழுதுறவன்தானே? இதை எழுது. நேர்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, கதையாப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். ஆனா நல்லபடியா முடிச்சுடு. என் பொண்ணு படிச்சா, அம்மா தனியாவே இருக்கட்டும்னு அவளுக்குத் தோணணும்" என்றார்.

என்னிடம் இதுவரை யாரும் முடிவைச் சொல்லிக் கதை கேட்டதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், மூக்கை இழந்த ஒரு பெண்…"
(மூக்கை இழந்த என்றால் யாரோ அறுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று. ஆனால் மழை நன்றாக இருக்கிறது. மழையை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

"வாசனை என்பது நினைவின்…"
(இப்படி ஆரம்பிக்கும் எதைப் படித்தாலும் எனக்குக் கொட்டாவி வரும். உங்களுக்கும் வரும்.)

"லேப் அக்கா பயந்தவர் அல்ல."
(இது பொய். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசியபோது அவர் கை தட்டின் விளிம்பை விடவே இல்லை.)

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கதைக்குள் அவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. 'அவர்' என்று எழுதினால், தினம் படியில் பார்க்கிற மனுஷி கண்முன்னால் வந்து நிற்கிறார், பேனா ஓட மாட்டேன் என்கிறது.

3

மகள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அவள், லேப் அக்கா, காலையிலேயே எல்லாவற்றையும் மேடையில் எடுத்து வைத்துவிட்டாள். மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, முட்டை, எண்ணெய், இரண்டு ஆப்பிள், ஒரு கை உலர் திராட்சை. வால்நட் மட்டும் புதிதாக வாங்கியது. பொட்டலத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள். மூக்கு போனாலும் நாக்கு முழுசாகப் போகவில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கும் மிச்சம் இருந்தன. கசந்ததை எல்லாம் குப்பையில் போட்டாள். முட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதக்காததை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஏமாற்று வேலைதான். யாரை ஏமாற்றுகிறோம் என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

அடுப்பைப் பற்றவைத்து, வாணலியில் வால்நட்டைப் போட்டு வறுத்தாள். மற்றவர்கள் வாசனை வந்ததும் இறக்குவார்கள். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். பருப்பு வாணலியில் உருளும் சத்தம் மந்தமாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலகலவென்று மாறியது. நிறத்தைப் பார்த்தாள். இறக்கினாள். அடுப்பை அணைத்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை குனிந்து பார்த்து, அணைந்ததை உறுதி செய்துகொண்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரல் மைதாவின் மேல் அடிக்கவும் ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலுக்கு மேலே இருந்த தகர மறைப்பில் மழை தடதடவென்று விழுந்தது. ஓவன் சூடாக நேரம் எடுக்கும். அவள் குனிந்து ஓவனின் குமிழைத் திருகிவிட்டு, தீப்பெட்டியை எடுக்க மேடையின் மேல் கையை நீட்டியபோது

(அந்த ஓவனைப் பற்றி ஒரு வார்த்தை. சிலிண்டரில் ஓடும் பழைய காஸ் ஓவன் அது. தானாகப் பற்றாது, அடியில் இருக்கும் துளையில் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். மகள் மின்சார ஓவன் வாங்கித் தருகிறேன் என்று பலமுறை சொல்லிவிட்டாள். இவள், "இதுக்கு என் கையைத் தெரியும்" என்று மறுத்துவிட்டாள். இதைப் படிக்கும்போது எனக்கே ஒன்று தோன்றுகிறது. இதுவரை ஒருவரும் வாய் திறந்து பேசவில்லை. வாணலியும் முட்டையும் எவ்வளவு நேரம்தான் கதையைத் தாங்கும்? ஆகவே ஃபோனை அடிக்கவிடுகிறேன்.)

ஃபோன் அடித்தது. கூடத்துக்கு ஓடிப்போய் எடுத்தாள். மகள்தான்.

"கிளம்பிட்டேன்மா. பஸ்ஸுல இருக்கேன். மழைன்னா மழை, அப்படிக் கொட்டுது."

"குடை எடுத்தியா?"

"எடுத்தேன். நீ என்ன பண்றே?"

"மஃபின்."

"நீயா? அடுப்புகிட்டயா?"

"பின்ன, பக்கத்து வீட்டு அடுப்புகிட்டயா போய் நிப்பேன்?"



"அம்மா, நான் சண்டை போட வரல. உன்னைப் பார்க்கத்தான் வரேன்."

"வா. வந்து ஒண்ணு சாப்பிடு. சாப்பிட்டுட்டு அப்புறமாப் பேசு."

ஃபோனை வைத்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பி, நேராக மாவுப் பாத்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

4

இந்த இடத்தில் மகளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவளை ஒரு கண்டிப்புக்காரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், ஆகவே அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று ஒரு நகைச்சுவைகூடச் சேர்த்திருந்தேன். திருப்பிப் படித்தால் அநியாயமாக இருந்தது. கருகிய பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் என் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். "ஒவ்வொரு தடவையும் ஃபோன் அடிச்சு நீ எடுக்கிறதுக்குள்ள நான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன்மா" என்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஒருத்திக்கு வீடு போய்விடுமோ என்று பயம். இன்னொருத்திக்கு அம்மா போய்விடுவாளோ என்று பயம். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கதைக்குத் திரும்புகிறேன்.

உலர் திராட்சையை ஒரு பிடி மைதாவில் புரட்டினாள், இல்லாவிட்டால் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஈரமானதை உலர்ந்ததில் கொட்டி, கரண்டியால் நான்கைந்து முறை மட்டும் பிரட்டினாள். மஃபின் மாவை வழுவழுவென்று அடித்தால் வெந்தபின் ரப்பர் மாதிரி இழுக்கும், கட்டி கட்டியாக இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். வெனிலா எசன்ஸை மூடியில் அளந்து ஊற்றினாள். பழக்கதோஷத்தில் மூடியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

ஆய்வகத்தில் அவள் வேலையே மூக்குதான். காலையில் கதவைத் திறந்ததும் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பாள். எந்த மேசையில் எந்த பர்னரின் குழாய் லேசாகக் கசிகிறது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவாள். போய் அதை இறுக்கி மூடிவிட்டு, "இப்ப வாங்கடா" என்பாள். ஒரு நாள்கூட அது தவறியதில்லை.

மாவைத் தட்டின் குழிகளில் ஊற்றினாள். மேலே வால்நட்டைத் தூவினாள். மகள் இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். வாயில் ஏதோ ஒரு கசப்பு. தலையும் லேசாகச் சுற்றியது. பயத்தில் வருவது என்று நினைத்துக்கொண்டாள்.

5

தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஓவனின் கதவைத் திறந்தாள்.

முகத்தில் சூடு அடிக்கவில்லை.

உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. "அட கடவுளே, பத்தவைக்கவே இல்லையா நான்?" என்றாள். இதை மட்டும் மகள் பார்த்திருந்தால்! தட்டைக் கீழே வைத்தாள். வெட்கமும் அவசரமுமாக மேடைக்குத் திரும்பி, தீப்பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு குச்சியை உருவி,

நில்லுங்கள்.

நானும் இப்போதுதான் பார்க்கிறேன். தயவுசெய்து மூன்றாம் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். "ஓவனின் குமிழைத் திருகிவிட்டு" என்று எழுதியிருக்கிறேன். தீப்பெட்டிக்குக் கையை நீட்டினாள் என்றும் எழுதியிருக்கிறேன். பற்றவைத்தாள் என்று எங்கேயும் எழுதவில்லை. நடுவில் அடைப்புக்குறி போட்டு ஓவனைப் பற்றிக் கதையளந்தேன். பேச்சு வேண்டும் என்று ஃபோனை அடிக்கவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

குமிழ் அப்போதிலிருந்து திறந்தபடியே இருக்கிறது. அவள் ஃபோன் பேசியபோதும், திராட்சையைப் புரட்டியபோதும், நான் மகளுக்கு நியாயம் பேசிக்கொண்டிருந்தபோதும் காஸ் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அது காற்றைவிடக் கனம், தரையில்தான் முதலில் படியும், அப்புறம் முழங்கால், இடுப்பு. சாதாரண நாளாக இருந்தால் ஜன்னல் வழியாகப் போயிருக்கும். ஜன்னலைச் சாத்தியது மழை. மழையைக் கொண்டுவந்தது நான், அழகாக இருக்கிறது என்பதற்காக. உஸ்ஸென்ற சத்தமாவது அவள் காதில் விழுந்திருக்கும், தகரத்தில் மழை தடதடக்காமல் இருந்திருந்தால். அந்தத் தகரமும் நான் போட்டதுதான்.

இன்னொன்று. மகள் படியேறிக்கொண்டிருக்கிறாள். வந்ததும் அழைப்பு மணியை அழுத்துவாள். அந்த மணிக்குள் ஒரு சின்னப் பொறி தட்டும். தீக்குச்சி வேண்டியதே இல்லை.

(எழுந்துபோய் என் வீட்டு அடுப்பின் குமிழ்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.)

6

முடிவுகள்.

ஒன்று. குச்சியை உருவியவள் ஆய்வகப் பழக்கத்தில், கிழிப்பதற்கு முன்னால் குமிழைத் தொட்டுப் பார்க்கிறாள். அது திறந்திருக்கிறது. மூடுகிறாள். ஒரு சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறக்கிறாள், வாசல் கதவைத் திறக்கிறாள். வாசலில் மகள், மணியை அழுத்த நீட்டிய விரலோடு. அந்த வாடை மகளின் முகத்தில் அறைகிறது. எதுவும் கேட்காமல் அம்மாவை இழுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். சாயங்காலம் வீட்டைப் பூட்டுகிறார்கள். மாவு தட்டிலேயே புளித்துப்போகிறது. உயிர் மிஞ்சுகிறது, வீடு போகிறது.

இரண்டு. நான் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போகிறேன். எழுத்தாளனுக்கு அந்தச் சௌகரியம் உண்டு. ஒரே ஒரு வரியைச் செருகுகிறேன்: "குச்சியைக் கிழித்துத் துளையில் காட்டினாள், நீலச் சுடர் சுற்றி ஓடிப் பற்றிக்கொண்டது." அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் ஃபோன் அடிக்கிறது. ஓவன் சூடாகிறது, மஃபின்கள் உப்பி வெடிக்கின்றன. மகள் குடையை உதறிவிட்டு உள்ளே வந்து ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறாள்.

"அம்மா! வாசனை ஆளையே தூக்குது."

"ஆமா இல்ல?" என்கிறாள் அம்மா.

சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று. [                    ]

7

இரண்டாவது முடிவை எடுத்துக்கொண்டு நேற்று லேப் அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ஆமா இல்ல?" என்ற இடத்தில் சிரித்தார், கண் கலங்கியது. "இதுதான் தம்பி. இதையே வச்சுக்கோ. நாளைக்கு அவ வர்றா, கையில குடுத்துடு" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அக்கா, முதல்ல எழுதினப்ப அந்த நீலச் சுடர் வரி விட்டுப்போச்சு. குமிழைத் திருகினதோட ஃபோன் பேசப் போயிட்டீங்க. திரும்பி வந்து தீப்பெட்டியை எடுத்தீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. காகிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினார்.

"அது எனக்கு ரெண்டு தடவை ஆயிருக்கு" என்றார்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"ஒரு தடவை குனிஞ்சப்போ குமிழைப் பார்த்துட்டேன். இன்னொரு தடவை பார்க்கல. குச்சியைக் கிழிச்சுட்டேன். மழைக்காலம் பாரு, குச்சி நமுத்துப்போயிருந்துது. பத்தல." காகிதங்களை என் கையில் திணித்தார். "இதை எழுதிடாதே தம்பி. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"ஓவனையாவது மாத்திடலாம்க்கா. மகள்தான் வாங்கித் தரேன்னு சொல்றாங்களே."

"இப்ப மட்டும் ஏன் திடீர்னுன்னு கேப்பா. கேட்டா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவா." எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். நான் போக வேண்டும் என்று அர்த்தம்.

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைச் சுவரோரம் போய் நின்று மூச்சை இழுத்தேன். அவர் வாசலில் நின்று இழுத்த மாதிரி. நான் ஊருக்குப் போனால் என்ன ஆகும், எனக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் பகீரென்கிறது. செருக வேண்டிய வரியைக் காகிதத்தில் செருகிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் யார் போய்ச் செருகுவது?

8

ஞாயிற்றுக்கிழமை. இதை நடக்க நடக்கவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வால்நட் வறுபடுகிறது. முதலில் மந்தமாக, இப்போது கலகலவென்று. வாசனை வருகிறது, நல்ல வாசனை, சிக்கு இல்லை. வாணலியை இறக்கும் சத்தம்.

ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கிறது. மழை வந்துவிட்டது. இந்தத் தடவை நான் வரவழைக்கவில்லை.

அங்கே ஃபோன் அடிக்கிறது. அக்கா கூடத்துக்குப் போகிறார். "குடை எடுத்தியா?" என்று கேட்கிறார். ஓவனின் குமிழை அதற்கு முன்னால் திறந்தாரா, இனிமேல்தான் திறப்பாரா, எனக்குத் தெரியாது. சுவரில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டேன். வறுத்த வால்நட் வாசனை எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கிறது. போய்க் கதவைத் தட்டினேன். "மாவு கலக்கிட்டிருக்கேன் தம்பி, எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ போ" என்று கதவைத் திறக்காமலே குரல் கொடுத்தார். சாவித் துவாரத்தில் மூக்கை வைத்தேன். இனிப்பாக ஏதோ வந்தது. வெனிலாவாக இருக்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இத்தனை பயத்தில் என் மூக்கையே நான் நம்பவில்லை.

கீழே குடையை உதறும் சத்தம். படியில் செருப்பு ஏறுகிறது. மகள் அம்மாவிடம் போக என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

என் வலது கையில் நீலச் சுடர் இருக்கிற பிரதி. லேப் அக்கா கேட்டது. அதைக் கொடுத்தால் அவர் ஆயுசுக்கும் என்னை வாழ்த்துவார், அந்த ஆயுசு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இடது கையில் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற இது, நமுத்த குச்சி உட்பட. இதைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கும். ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் என்னை மன்னிக்கவே மாட்டார்.

கதவைத் திறந்துவிட்டேன். அவள் கடைசிப் படியில் நிற்கிறாள், தலையெல்லாம் ஈரம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"என்ன அண்ணா, கையில? கதையா?"

மணியை மட்டும் அடிக்காதேம்மா, கதவைத் தட்டு என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கிறாள். சிரிப்பு போய்விட்டது. கையை நீட்டுகிறாள்.

நீங்கள் இரண்டு பிரதிகளையும் படித்தவர். எந்தக் கையை நீட்டட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.